குற்றாலிங்கம் எழுதிய கட்டுரைகள்

தென்காசி
14-7-1959

பார்வதிக்கு,

நலம் கேட்டு எழுதும் கடிதம் இல்லை இது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரு வரி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுத வைத்துவிட்டாய்.

போன வாரம் ஹாலந்திலிருந்து ‘டாக்டர் குற்றாலிங்கம்’ என்று போட்டு ஒரு கவர் வந்தது. நீ படித்த சென்னைக் கல்லூரிக்குப் போய், அங்கே நம் மர டிப்போ விலாசம் எழுதித் திருப்பிவிட்டிருக்கிறார்கள். என் பெயர் இருக்கிறதே என்று பிரித்தேன். இங்கிலீஷ். ஜவுளிக்கடை கிதிர் முகம்மதுவிடம் வாசிக்கக் கொடுத்தேன். நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரை அபாரமாம், பிரதி வேண்டுமாம். அவர் சும்மா இருப்பாரா? இப்போது பஜாரில் போகிறவன் வருகிறவனெல்லாம், “என்ன அண்ணாச்சி, பகல்ல மரம் விக்கீய, ராத்திரி நட்சத்திரமும் எண்ணுதீயளாமே?” என்று கேட்கிறான்.

பரிசம் போட நாள் குறித்த பிறகு, என் தங்கை மகன் சங்கரபாண்டி வேண்டாமென்று கப்பல் ஏறியவள் நீ. அன்றோடு என் தங்கை நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என் சொல் வேண்டாம், என் பெயர் மட்டும் வேண்டுமா? யாரைக் கேட்டு எடுத்தாய்?

குற்றாலிங்கம்

*

லண்டன்
2-8-1959

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மாதம் தவறாமல் நான் எழுதினேன்; பதில் இல்லை. பஜாரில் நாலு பேர் சிரித்ததும் பதில் வந்துவிட்டது.

உங்கள் பெயரை நான் திருடவில்லை. இங்கே கட்டுரை அச்சிடுகிறவர்கள் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம் என்றேன். அப்படியானால் அதுவே இருக்கட்டும் என்று உங்கள் பெயரைப் போட்டுவிட்டார்கள். அந்த முதல் கட்டுரையில் விலாசமாக என் சென்னைக் கல்லூரிதான் இருந்தது. ஒரு நட்சத்திரக் கூட்டம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று பார்த்து அதன் எடையைக் கணக்கிட ஒரு வழி கண்டுபிடித்தேன். அதை எடுத்தாள்கிறவர்கள் எல்லோரும் ‘குற்றாலிங்கம் சொன்னபடி’ என்றுதான் எழுதுகிறார்கள். போன மாதம் பிரசங்கம் செய்யப் போன இடத்தில், மேடை ஏறிய என்னைத் தடுத்து, “குற்றாலிங்கம் எப்போது வருவார்?” என்று கேட்டார்கள். கண் வலிக்க உழைப்பது நான். பெயர் வாங்குவது நீங்கள். கோபம் எனக்குத்தான் வர வேண்டும், அப்பா.

அம்மாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பார்வதி

*

தென்காசி
20-8-1959

பார்வதிக்கு,

வியாக்கியானம் வேண்டாம். என் பெயரை எடுத்துவிடு. என் பேச்சைக் கேட்காதவள் என் பெயரில் ஊர் சுற்றக் கூடாது.

குற்றாலிங்கம்

*

லண்டன்
11-1-1960

அப்பாவுக்கு,

எடுத்துவிட்டேன். இனி வரும் கட்டுரைகளில் பார்வதி என்று மட்டும்தான் இருக்கும். பழையவற்றை அழிக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம் இது.

பார்வதி

*

தென்காசி
9-7-1966

பார்வதிக்கு,

ஐந்தருவி ரோட்டில் இருக்கிற நம் வீட்டை இந்தச் சீசனுக்கு ஒரு வானசாஸ்திரப் புரொபசர் வாடகைக்கு எடுத்தார். சாவி வாங்க டிப்போவுக்கு வந்தவர் போர்டைப் பார்த்துவிட்டு, “இந்தப் பெயரில் ஒரு பெரிய விஞ்ஞானி இருந்தார், உங்களுக்கு உறவா?” என்று கேட்டார். யார் யாருடைய கட்டுரையை எடுத்தாண்டார்கள் என்று அமெரிக்காவில் தடியாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். அதில் குற்றாலிங்கம் பெயருக்குக் கீழே ஒரு பத்தி நிறைய இருக்கிறதாம். “அறுபதோடு எழுதுவதை நிறுத்திவிட்டார். இறந்துவிட்டார் என்று நினைக்கிறோம்” என்றார்.

“செத்துப்போனவன் எதிர்லதான்வே நீரு உக்காந்திருக்கீரு” என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். பார்வதி என்று ஒரு பெண் அந்தக் குற்றாலிங்கத்தின் வழியை அப்படியே காப்பியடித்து எழுதுகிறாளாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தியாவில் வேலை கேட்டு அவள் மனுப் போட்டாளாம். சொந்தச் சரக்கு இல்லை என்று தள்ளிவிட்டார்களாம். தள்ளியவர்களில் இவரும் ஒருவர்.

“அது எம் மகதான்வே” என்றேன். “ரெண்டும் அவதான். எவம்வே அவளைத் திருடின்னு சொன்னது?” டிப்போ ஆட்களெல்லாம் அறுப்பை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு, சாரலில் அவரைப் பெட்டியோடு நிறுத்திவிட்டேன். மறுநாள் அவரே வந்து மன்னிப்புக் கேட்டார். அந்த வேலைக்கு மறுபடியும் மனுப் போடச் சொன்னார்.

ஊருக்குத் திரும்ப வழி தேடினாயா? எங்களுக்குச் சொல்லக்கூட இல்லையே. விஷயம் தெரிந்ததிலிருந்து உன் அம்மா என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

அவர்கள் திருடி என்றபோது வாயைத் திறக்க உனக்கு என்ன கேடு? நான்தான் ஆத்திரத்தில் பெயரை எடு என்றேன். சொன்ன பேச்சை என்றைக்காவது கேட்டிருக்கிறாயா, இதை மட்டும் கேட்க? என் பெயரைத் திரும்பப் போடு. அப்பன் சொல்கிறேன்.

குற்றாலிங்கம்

*

லண்டன்
30-7-1966

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் புரொபசரை நனையவிட்டதை வாசித்துச் சிரித்தேன். பிறகு வெகுநேரம் அழுதேன்.

வாயைத் திறக்க ஒரு வரி போதும்தான். ‘குற்றாலிங்கமும் நானே’ என்று எழுதியிருக்கலாம். அப்படியானால் பெயரை ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள். என் அப்பா திருப்பி வாங்கிக்கொண்டார் என்று முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிச் சொல்வேன்? அதற்குத் திருடிப் பட்டமே தேவலை என்று இருந்துவிட்டேன்.

உங்கள் பெயரைத் திரும்பப் போட மாட்டேன். இந்த ஆறு வருஷத்தில் பார்வதி என்ற பெயரை ஒன்றுமில்லாமையிலிருந்து நான் வளர்த்திருக்கிறேன். அவளை இனி யாருக்காகவும் விட முடியாது. ஆனால் கட்டுரைகளை அச்சிடுகிறவர்களுக்கு நேற்று எழுதிவிட்டேன்: குற்றாலிங்கம், பார்வதி இருவரும் ஒருவரே என்று. அடுத்த இதழில் அந்த ஒரு வரி வரும். காரணம் எழுதவில்லை.

அந்த வேலைக்கு மறுபடி மனுப் போடப்போவதில்லை. நீங்கள் அதட்டி வாங்கித்தரும் வேலை எனக்கு வேண்டாம். ஊருக்கு வருவேன், வேலை இல்லாமலே. இப்போது இல்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் பாக்கி இருக்கிறது. அது தீரும்வரை நீங்கள் எழுதிக்கொண்டிருங்கள்.

அம்மா பேசட்டும். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

கு. பார்வதி