கரையைக் கடந்த பிறகு

நவம்பர் 26
காலையிலிருந்து வேலை ஓடவில்லை. லேப்டாப்பில் ஒரு பக்கம் ஆபீஸ், மறுபக்கம் வங்கக்கடலின் செயற்கைக்கோள் படம். குமணன்சாவடியில் இன்னும் சுள்ளென்று வெயில். "இன்னா சார், புயலு எங்க கீது?" என்றார் வாட்ச்மேன் நடேசன். மழை, புயல் என்றால் இந்த அடுக்குமாடியில் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 27
தெற்கே திரும்புகிறது. நாங்கள் தப்பிப்போம் போல. மைதிலியை நினைத்தால்தான் பயம். ஜவ்வாது மலையில் அரசுப் பள்ளி டீச்சர் வேலைக்கென்று தனியாக ஓட்டு வீட்டில் இருக்கிறாள். அவள் தெருவுக்கு மேலே சரிவு மொட்டையாகக் கிடக்கிறது. ரிசார்ட் கட்ட மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டார்கள். தீபாவளிக்குப் போனபோது பார்த்தேன், வெறும் செம்மண்.

காற்றில் ஓடு பறக்கும், பள்ளிக் கட்டடத்துக்குப் போய்விடு என்றேன். "உங்களுக்குப் புயல்தான் மூத்த சம்சாரம்" என்று சிரித்தாள். ஆனாலும் போனாள், பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தையும் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு.

நவம்பர் 29
விடியற்காலை கரையைக் கடந்துவிட்டது. இங்கே நாலு தூறல். "தப்பிச்சோம் சார்" என்று நடேசன் டீ வாங்கிக் கொடுத்தார். மைதிலிக்குப் போன் போட்டேன்.

"கடந்தாச்சு. இனிமே ஒண்ணுமில்ல, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

"பஞ்சவர்ணம் மாடு கத்துதுன்னு தவிக்குதுங்க. போகச் சொல்லிடட்டுமா?"

"தாராளமா."

நவம்பர் 30
போன் போகவில்லை. படத்தில் மேகம் மலைமேல் அப்படியே நிற்கிறது, நகரவே மாட்டேன் என்கிறது. காற்றுக்குத்தான் பயந்தேன். மழையை — ஐயோ, மழையை யோசிக்கவே இல்லையே! கரையைக் கடந்தா முடிஞ்சுதுன்னு எவன் சொன்னான்? நான்தான் சொன்னேன். இங்க முடிஞ்சுது. அங்க அப்பத்தானே ஆரம்பம்? அந்த மொட்டைச் சரிவைக் கண்ணால பார்த்துட்டு வந்தவன்தானே நான்?

டிசம்பர் 1
இருக்காளா?

டிசம்பர் 2
யாருடைய போனிலிருந்தோ மைதிலி பேசினாள். பாதை சேறாக இருந்ததால் சாயங்காலம் போகலாம் என்று பள்ளியிலேயே இருந்துவிட்டாளாம். எனக்கு உயிர் வந்தது.

அப்புறம்தான் மற்றதைச் சொன்னாள். சரிவு இறங்கிவிட்டது, தெருவே இல்லை. பஞ்சவர்ணம் மகளை இவளிடம் விட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போயிருக்கிறாள். இன்னும் எடுக்கவில்லை.

நான் அழுதது முதலில் சந்தோஷத்தில். அதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

டிசம்பர் 9
கடலில் அடுத்த காற்றழுத்தத் தாழ்வு. அடுக்குமாடி வாட்ஸப் குழுவில் என்னைக் கேட்கிறார்கள். பதில் போடவில்லை.

டிசம்பர் 19
மைதிலிக்கு இங்கே பக்கத்திலேயே, வேப்பம்பட்டுப் பள்ளிக்கு மாற்றல் வந்திருக்கிறது. எத்தனை வருஷமாகக் கேட்டது! போன் செய்தேன்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேங்க. அந்தப் பொண்ணு எங்கூடத்தான் தூங்குது."

"கூட்டிட்டு வந்துடேன்."

"அவங்கம்மா மண்ணுக்குள்ள இருக்கு. இவ வர மாட்டா."

பிறகு, "யாரு போகச் சொன்னாங்கன்னு ஊர்ல கேட்டாங்க. நான்தான்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அங்கே மழை இருக்கா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.