ஸ்டாப் சைனில் நிற்காதவர்

அக்கா,

ஆபீசில் யாரோ பச்சைத் தேயிலையில் ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு டீயின் அதே வாசனை வந்ததுமே எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. இறந்து எட்டு மாதம் ஆனவர் மேல் கோபப்படலாமா தெரியவில்லை. படுகிறேன்.

கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடி உங்களுடையது. ஞாயிறு மதியங்களில் நீங்களும், உங்களைப் போலவே காபூலிலிருந்து வந்த ஐந்தாறு பெண்களும் உங்கள் கம்பளத்தில் உட்கார்ந்து, எழுதியதை வாசிப்பீர்கள். அப்போது வேலைக்குப் போக விசா இல்லாத எனக்கு டைப்பிங் மட்டும் தெரியும். உங்கள் கவிதைகளை நீங்கள் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்ல, நான் திருத்தி அடிப்பேன். அடித்து முடித்தால் அடுத்த வாரம் வரி மாறியிருக்கும்.

"அக்கா, போன வாரம் தோட்டம்னு சொன்னீங்களே?"

"போன வாரம் தோட்டமா இருந்தது, ஜான். இப்ப அது வீடு."

'ஜான்' என்றால் உங்கள் மொழியில் 'செல்லம்' என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். எத்தனை தாள்களைக் கிழித்துப் போட்டிருப்பேன்!

பிறகு ஒரு கல்லூரியில் கவிதை வாசிக்க உங்களைக் கூப்பிட்டார்கள். ஏற்பாடு செய்த பெண்மணி, போரில் இறந்த உங்கள் தம்பியைப் பற்றிய கவிதையைக் கேட்டார். நீங்கள் மறுத்துவிட்டீர்கள். "அது என் தம்பிக்கு எழுதினது. அவங்களுக்கு இல்ல." 'ஸ்டாப்' பலகையில் வண்டியை முழுதாக நிறுத்தாமல் மூன்று முறை டிரைவிங் டெஸ்டில் தோற்றதைப் பற்றிய கவிதையைத்தான் படிப்பேன் என்றீர்கள். "இது காமெடி, ஜான். சும்மா சிரிக்கட்டும்."

மேடையில் உங்கள் மொழியில் படித்தீர்கள். பின்வரிசையில் உங்கள் தோழிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அடுத்து அதையே ஆங்கிலத்தில் நான் படிக்க வேண்டும். முன்வரிசை முழுக்க அழத் தயாராக இருந்த முகங்கள். என் ஃபைலில் இரண்டு கவிதைகளும் இருந்தன. நான் தம்பியை எடுத்துப் படித்தேன். பின்வரிசைச் சிரிப்பு நின்றுபோனது. முன்வரிசை கண்ணைத் துடைத்துக்கொண்டது.

திரும்பும்போது ஃப்ரீவேயில் நான்தான் பேச்சைத் தொடங்கினேன்.

"உங்களுக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் அக்கா..."

"என் தம்பியை எதுக்கு அவங்ககிட்ட தூக்கிக் குடுத்த?"

இரண்டு மாதம் பேச்சில்லை. அப்புறம் ஒரு நாள் புதுக் கவிதையோடு வந்து நின்றீர்கள். "டைப் பண்ணு. மாத்தாத." அவ்வளவுதான். அதன்பின் நான் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தபோதெல்லாம், "ஸ்பெல்லிங்கைப் பாரு" என்று அடக்கினீர்கள். ஒரு தடவையாவது கேட்க விட்டிருக்கலாம்.

இப்போது டி.வி. செய்தி முழுக்க உங்கள் ஊர்ச் சண்டைதான். அதே பெண்மணி போன் செய்து மறுபடி தம்பி கவிதையைக் கேட்டார். டிரைவிங் டெஸ்ட் கவிதை என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்றேன். "இந்த நேரத்துல ஜோக்கா?" என்று இழுத்தார். பிடிவாதத்தை உங்களிடம்தானே கற்றேன். கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார்.

போன சனிக்கிழமை போனேன். அன்று நான் செய்ததை முதலில் சொன்னேன். பிறகு படித்தேன்:

"ஒவ்வொரு எல்லையிலும் நின்று நின்றுதான் வந்தேன்.
உங்கள் ஸ்டாப் சைனில் மட்டும் நான் நிற்கவில்லையாம்."

ஒருவர் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். நானோ அடுத்த வரிக்குப் போகாமல் அதையே மறுபடி படித்தேன். அந்த வரியை என் கையால்தான் அடித்தேன், ஸ்பெல்லிங்கும் பார்த்தேன். அதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. காமெடியாம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

முன்பின் தெரியாத நாற்பது பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கேட்க வேண்டியவரிடம் கேட்க முடியாதது மட்டும் என்னோடுதான் இருக்கிறது, அக்கா.