ராணியின் கறுப்பு உடுப்பு

அன்புள்ள இங்கிலீஷ் ரீச்சருக்கு,

கலியாண வீட்டுக்கு உடுத்தவென்று ஒரு பட்டுச் சேலையைத் தேடி அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறினேன். சேலை அகப்படவில்லை, கராம்பு மணந்தது. பூச்சி அண்டாமல் இருக்க வீடியோக் கசெற்றின் உறைக்குள் கராம்பு போட்டு வைக்கிற ஆள் இந்தத் திருகோணமலையில் உங்களைத் தவிர வேறு யார்? நீங்கள் எனக்குத் தந்த நம்முடைய கப்பல் படக் கசெற்; கடற்காற்றுக்கு நாடா முழுதும் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. கராம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

போன மாரியில் உங்களை மூதூருக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். அதற்குப் பிறகு உங்களோடு கதைக்க எனக்கு வாய்ப்பான ஒரு விஷயம் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்திருக்கிறது. முந்தாநாள் நம்முடைய படத்தைத் திரும்பப் பார்த்தேன், ரீச்சர்.

ஓர்ஸ் ஹில் ஒழுங்கையில் உங்கள் வீட்டு முன்னறையில் எனக்கு ஒரு மூலைகூட மறக்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் ஜன்னல்களுக்குப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டுப் பகலை இருட்டாக்குவீர்கள். கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம் என்றிருந்த காலம். பின்வளவில் வாடகை ஜெனரேற்றர் இரையும். ஒழுங்கைச் சனம் முழுவதும் பாயில் நெருக்கியடித்து இருக்கும். படமோ இங்கிலீஷ் படம். விளங்குகிற ஆட்கள் நாம் இருவர்தான். நீங்கள் அடிமட்டத்தைப் பிரம்பு போலக் கையில் பிடித்துக்கொண்டு ரீவிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு காட்சியையும் தமிழில் சொல்லுவீர்கள்.

"ராணிக்கு இப்ப சரியான கோவம். ஒருத்தரும் கதைக்கப்படாது!" என்று மேசையில் ஒரு தட்டு.

நடிகை பேசுவது நான்கு சொல்லாக இருக்கும். நீங்கள் நாற்பது சொல்லுவீர்கள். முந்தின நாளே என்னைக் கூப்பிட்டு இருத்திப் படத்தைப் பார்த்து, பாடத்துக்கு ஆயத்தம் செய்வது போல ஆயத்தம் செய்வீர்கள். அது வேறு யாருக்கும் தெரியாது.

நான் சரித்திர ரீச்சர். ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றுகிற இடைவேளையில் நான் எழும்பினால், "ஆ, சிவப்புப் பேனையை எடுத்திட்டா," என்று நீங்களே அறிவிப்பீர்கள். எடுக்காமல் என்ன செய்வது? அந்தக் கப்பல் படத்தில், பல நூறு வருடத்துக்கு முந்திய ராணியின் உடுப்பில், முதுகுப் பக்கம் இழுத்துப் பூட்டுகிற சிப் பளபளக்கிறது. கப்பல் தலைவனின் புயத்தில் அம்மைப்பால் குத்திய தழும்பு. அந்த நாட்டுக்கு உருளைக்கிழங்கு போய்ச் சேராத காலத்தில் விருந்து மேசையில் கும்பமாய் உருளைக்கிழங்கு. கப்பலின் பாய் ஒரு பக்கம் உப்ப, கொடி மறுபக்கம் பறந்தபோது நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த சனம், பாயில் உருண்டு உருண்டு சிரித்தது.

"இந்தப் படத்தில ஒண்டும் சரியில்லை. முழுக்கப் பிழை," என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

"படம் பிடிக்காத மனுசி நேத்து ஏன் ரெண்டு தரம் பாத்தீங்க?" என்று என் காதுக்குள் கேட்டீர்கள். பிடித்துத்தான் இருந்தது. அந்த ராணி கப்பல் ஏணியில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாளே, அதற்காக எத்தனை உருளைக்கிழங்கையும் மன்னிக்கலாம். பிழை பிடிப்பதும் என் ரசனைதான் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் என்னைப் பேச விட்டீர்கள்.

அந்தப் படம் போட்ட அன்றைக்கு முன்வரிசையில் பூமணி அக்கா இருந்தார். கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். அவருடைய ஒரே மகன் ரவி சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய், பல மாதமாகக் கடிதம் இல்லை. அக்காவைப் படத்துக்குக் கூட்டி வந்ததே நீங்கள்தான், கொஞ்ச நேரமாவது சிரிக்கட்டும் என்று. கப்பல் படம் என்பதை நாம் இருவரும் யோசிக்கவில்லை.

கடைசியில் புயல். தலைவனின் கப்பல் தாழ்கிறது. திரையில் வெறும் தண்ணீர். பூமணி அக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டார். தலைவன் செத்துவிட்டான் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அறையே உங்கள் வாயைப் பார்த்தது.

"பயப்படாதீங்க," என்றீர்கள், குரல் கொஞ்சமும் தடுமாறாமல். "பின்னால வந்த கப்பல் ஆளைத் தூக்கிட்டு. இப்ப தூர ஒரு துறைமுகத்தில சுகமா இரிக்கான். கடதாசி வரக் கொஞ்சம் சுணங்கும்."

எனக்கு வாய் தானாகத் திறந்தது. உங்கள் கால் என் காலை மிதித்தது. திரையில் ராணி துக்கம் காக்கிற கறுப்பு உடுப்போடு கரையில் நின்றாள். "உயிரோட இருக்கிறான் எண்டால் அவ ஏன் கறுப்பு உடுத்தவ?" என்று யாரோ கேட்டார்கள்.

"அந்த ஊரில குளிருக்குக் கறுப்புத்தான் போடுறவங்க."

என் வாழ்நாளில் இவ்வளவு மோசமான சரித்திரத்தை நான் கேட்டதில்லை. சனம் போன பிறகு சண்டைக்கு வந்தேன். நீங்கள் பாயைச் சுருட்டியபடியே சொன்னீர்கள்: "சரித்திரம் உங்கட பாடம், புள்ள. இது என்ட பாடம். இதுக்கு மாக்ஸ் போடுறது நான்."

அடுத்த மாரிக்கு முன் ரவி வந்து சேர்ந்தான். கப்பல் பழுதாகி எங்கோ ஒரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதாம். பூமணி அக்கா அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் ஓடினார். "நீங்கள் சொன்ன வாக்கு, ரீச்சர்! அப்படியே பலிச்சிட்டுது!" அவர் போன கையோடு நீங்கள் என் குசினிக்கு வந்து, கதிரையில் இருந்து விம்மி விம்மி அழுதீர்கள். "நான் சொன்னது பொய்யெல்லோ புள்ள. வராம விட்டிருந்தா?" என்றீர்கள். அன்றைக்கு நான் உங்களைக் கட்டிப்பிடித்தேன். அதைவிட எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு, நீங்கள் இருந்த வரைக்கும், தைப்பொங்கலன்று பூமணி அக்காவின் முதல் கிண்ணம் உங்கள் வீட்டுக்குத்தான் போனது.

இப்போது அக்கா சாம்பல்தீவில் ரவியோடு இருக்கிறார். முந்தாநாள் ரவி போன் எடுத்தான். "ரீச்சர், அந்தப் பழைய கப்பல் படம் கிடைச்சிட்டுது. கீழ தமிழ் எழுத்தும் ஓடுது. அம்மா உங்களை வரட்டாம்." எனக்கு முதலில் வந்தது சந்தோசம். ஓட்டோவில் ஏறின பிறகுதான் யோசித்தேன். தமிழ் எழுத்து! அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, வாசிக்க ஏலாது, ரவி வாசிப்பான். உங்கள் வாக்கு என்று இத்தனை காலம் அவர் கும்பிட்டு வைத்திருந்தது வெறும் கட்டுக்கதை என்று, நீங்கள் இல்லாத நேரத்தில், என் கண்முன்னால் தெரியவரப் போகிறது. உங்களுக்காகப் பேச நான் ஒருத்திதான் மிச்சம்.

படம் ஓடியது. சிப்பும் தழும்பும் உருளைக்கிழங்கும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. பாயும் கொடியும் இன்னும் சண்டைதான். ஏணியில் ராணி திரும்பிப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. புயல் வந்தது. ரவி குனிந்து எழுத்தைப் பார்த்தான்.

"அம்மா, ஆள் முடிஞ்சார். 'கடல் அவரை எடுத்துக்கொண்டது' எண்டு போட்டிருக்கு."

பூமணி அக்கா அசையவில்லை. "உது பிழையாப் போட்டிருக்கு," என்றார். "இந்தப் படம் முழுக்கப் பிழை எண்டு சரித்திர ரீச்சர் அண்டைக்கே சொன்னவ. பக்கத்தில இருக்கிறா, கேள்."

ரவி என் பக்கம் திரும்பினான். "உண்மையே ரீச்சர்?"

என்னிடம் படித்த நாற்பது வயதுப் பிள்ளைகள்கூட இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால் நிமிர்ந்து நிற்பார்கள், எந்தப் பிழையையும் சும்மா விடமாட்டேன் என்ற பயத்தில்.

"ஓம்," என்றேன். "பின்னால வந்த கப்பல் ஆளைத் தூக்கினது."

அக்கா கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு என் கையைப் பிடித்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. திரையில் ராணி கரைக்கு வந்தாள். கழுத்திலிருந்து கால் வரை கறுப்பு.

"அப்ப இவ ஏன் ரீச்சர் கறுப்பு உடுத்திருக்கிறா?" என்றான் ரவி.

நான் யோசிக்கவே இல்லை, ரீச்சர். வகுப்பில் சொல்லுகிற குரலில் சொன்னேன்:

"அந்த ஊரில குளிருக்குக் கறுப்புத்தான் போடுறவை."