சுமைதாங்கிக் கல்லுக்காரி

பண்ருட்டி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி கதிர்வேலும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் உதைக்கிற வாண்டும் அப்படியே இருக்க வேண்டும் என்று தில்லைக் காளியை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் இதென்ன கடுதாசி என்று கேட்பாய். போனில் எதைக் கேட்டாலும் சிரித்து மழுப்பிவிடுகிறாய், கடுதாசியிடம் அது நடக்காது. கதிர்வேல் இதைப் படம் பிடித்து அனுப்புவான்.

நீ வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிற பேய்க் காமிக்ஸ் ஒன்றையும் நான் விடுவதில்லை. ஏரிக்கரைக் கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்துத் தெருப்பிள்ளைகள் போட்ட கூச்சலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் போன மாதம் போட்டாயே, சுமைதாங்கிக் கல் கதை, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். நம் ஊர் எல்லையில் இருக்கிற அதே கல், அதே கோணல் புளியமரம். ஒருவன் பலாப்பழக் கூடையைக் கல்லில் இறக்கி வைக்கிறான், மாசமாக இருக்கும்போதே செத்துப்போனவள் எழுந்து அவன் முதுகில் ஏறிக்கொள்கிறாள், வீடு வரும்வரை இறங்கவில்லை. எனக்கே முதுகு சில்லிட்டுப் போனது. எதிர்வீட்டுக் கலைமணி வந்து, ஏன்க்கா, புள்ளத்தாச்சிப் பொண்ணு வரையிற படமா இது, நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்களா என்றாள். நான் விடுவேனா, ஒம் மவன் பொழுதன்னைக்கும் போன்ல ஆளச் சுட்டுக்கிட்டு கெடக்கிறானே, அவன மொதல்ல கேளு என்று அனுப்பிவிட்டேன். உன் அப்பாவோ, பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆவணும், மாப்பிள்ள பாவம் என்று ஒரே சிரிப்பு.

கலைமணி போனபிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேயின் முகத்தை முடி மூடியிருக்கிறது, கையை மூடவில்லை. பச்சைக் கண்ணாடி வளையல், நடுவில் வேப்பங்குச்சிக் காப்பு, அதில் மஞ்சள் நூல் முடிச்சு. வளைகாப்புக்கு நீ இங்கே வர முடியவில்லை என்று நான் என் கையால் வளைத்துக் கட்டிப் பார்சலில் அனுப்பிய காப்பு அது. முடிச்சு நழுவுகிறதே என்று மறுபடி மறுபடி போட்ட எனக்கு அது தெரியாதா. அந்தப் பேய் நீதான் கயல். பிரசவத்தை நினைத்துப் பயந்துபோய் இருக்கிறாய், வாய்விட்டுச் சொல்லாமல் படம் போட்டு ஊரைப் பயமுறுத்துகிறாய். வரைந்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. நான் வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், நாங்க பாத்துக்குறோம்மா, நீ அலையாத என்றாயே, அதற்குத்தான் கோபம். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஒன்று மட்டும் நீ தப்பாக வரைந்துவிட்டாய். அந்தக் கல்லில் யாரும் யார் முதுகிலும் ஏறுவதில்லை, அது பள்ளிக்கூடம் போகிற வழியில் பிள்ளைகள் நீங்கள் ஒருவரை ஒருவர் மிரட்டிக்கொண்ட கதை. வயிற்றுப் பிள்ளையோடு போனவள் தன் சுமையை இறக்காமலே போய்விட்டாளே என்று பெற்றவர்கள் நட்ட கல் அது. வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி மூச்சு வாங்கினால் அவள் பாரமும் கொஞ்சம் குறையும் என்பார்கள். பலாப்பழம் விற்கிற தமிழ்ச்செல்வி இன்றைக்கும் கூடையை அதில் வைத்து எடுத்துவிட்டு, போயிட்டு வரேன் தாயி என்று சொல்லித்தான் நடையைக் கட்டுகிறாள். பயம் எல்லாருக்கும் வருவதுதான். உன்னைப் பெற்றபோது நான் பயத்தில் என் அம்மா கையைக் கடித்தே வைத்தேன். கடிக்க உனக்கும் ஒரு கை வேண்டாமா?

அதனால் படத்தைப் பார்த்த மறுநாளே மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன். அவர் கமுக்கமாக வேண்டிய பேப்பர்களை எல்லாம் அனுப்பினார், அவரைத் திட்டாதே. கடலூருக்கு அலைந்து எடுத்த பாஸ்போர்ட் பீரோவிலேயே தூங்கிக்கொண்டிருந்தது, அதில் நேற்று விசாவும் வந்துவிட்டது. நீ வேண்டாம் என்றாலும் வருவேன். இன்று காலை கடைத்தெருவில் சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் வாங்கிக்கொண்டு வரும்போது கல்லுக்குப் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பையை அதன்மேல் வைத்து, உன் பெயரைச் சொல்லி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். உன்னை நினைத்து எனக்கும் பயமாகத்தான் இருந்தது, கல்லை விட்டு வரும்போது அவ்வளவு இல்லை.

இடது பக்கம் ஒருக்களித்துப் படு, வேளைக்குச் சாப்பிடு, காப்பு உலர்ந்துவிட்டதே என்று கழற்றிப் போட்டுவிடாதே. தாயும் பிள்ளையும் சுகமாக இரு உயிராகப் பிரிந்து நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். மறக்காமல் இன்னொன்று செய். அந்தக் கதையின் கடைசிக் கட்டத்தில் அவளைத் தனியாக இருட்டில் விட்டிருக்கிறாய். இன்னும் ஒரு கட்டம் வரை. அவள் கல்லில் உட்கார்ந்திருக்கட்டும், பின்னால் நான் நின்று, முகத்தை மூடிய அந்த முடியை வாரிப் பின்னிவிடுகிற மாதிரி வரை.

இப்படிக்கு,
சீப்போடு வந்துகொண்டிருக்கும் உன் அம்மா,
ஞானாம்பாள்