காணாமல் போன அணுக்கள்

தூத்துக்குடி
3.6.2025

திரு. பாண்டியன் அவர்களுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே இருவரில் ஒருவர் கட் செய்துவிடுகிறோம். கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தானே ஆகவேண்டும்.

இங்கே ஆராய்ச்சிக் கூடத்தில் என் வேலை சிப்பிகளோடு. ஓட்டின் ஓரத்தை லேசாக அராவி, ஊசியால் பாக்டீரியாவைச் செலுத்துவோம். பிறகு ரத்தம் எடுத்து அணுக்களை எண்ணுவோம். ரத்தம் சிவப்பில்லை, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். ஒருமுறை வந்த நோயை ஞாபகம் வைத்துக்கொண்டு தாக்கும் எதிர்ப்பொருள் நமக்கு உண்டு, சிப்பிக்குக் கிடையாது. அதற்கு இருப்பதெல்லாம் காவல் அணுக்கள்தான். கிருமி உள்ளே போன நாலு மணி நேரத்தில் அவையும் பாதியாகிவிட்டன. செத்துவிட்டன என்று அறிக்கையில் எழுதினேன். நம் குழந்தை ரத்தத்திலும் கிருமிதானே. பதினோரு நாள் இருந்தாள். பெயர்கூட வைக்கவில்லை.

உங்களோடு வேலை செய்யும் லட்சுமணன் அண்ணன் மனைவி ரேணுகா போன வாரம் பேசினாள். போன நவம்பரில் ஃபேக்டரியில் யாருக்குமே ஓவர்டைம் இல்லையாம். அப்படியானால் குழந்தை போன பிறகு ஓவர்டைம் என்று சொல்லி தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்பினீர்களே, எங்கே போயிருந்தீர்கள்? நான் அந்த குவார்ட்டர்ஸில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நம் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

கிருஷ்ணப்பிரியா


பட்டாபிராம்
9.6.2025

அன்பு பிரியாவுக்கு,

‘திரு’ போட்டு எழுதியிருக்கிறாய். ஆபீஸ் மெமோவோ என்று உறையைத் திருப்பி மறுபடி பார்த்தேன்.

இங்கே தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர். உன் கறிவேப்பிலைச் செடி பிழைத்துவிட்டது. எனக்குத்தான் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நாலு தடவை நடந்தேன். எதற்கென்று கேட்டால் தெரியாது.

சிப்பி விஷயத்தில் ஒரு சந்தேகம். எங்கள் ஃபேக்டரி ஸ்டோரில் நூறு போல்ட் குறைந்தால் உடனே தொலைந்தது என்று எழுதமாட்டோம். முதலில் வண்டி பூட்டும் லைனுக்குப் போய், ஏதாவது வண்டியில் மாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்போம். பார்க்காமல் எழுதினால் எனக்குத்தான் திட்டு விழும். நீ ரத்தத்தில் மட்டும்தானே எண்ணினாய்? அணுக்கள் வேறு எங்காவது போயிருந்தால்?

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று.

உன்
பாண்டியன்


தூத்துக்குடி
16.6.2025

அன்புள்ள பாண்டியனுக்கு,

ஸ்டோர்கீப்பர் கேட்ட கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். எங்கள் லேப் தலைவர் ஷர்மிளா மேடத்திடம் சொன்னேன். சதையை அறுத்துப் பார்க்காமலா அறிக்கை எழுதினாய் என்று முகத்தில் அடித்த மாதிரி கேட்டார். அன்றைக்கே அறுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன்.

எல்லாம் அங்கே இருக்கின்றன. ஊசி குத்திய இடத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பல அணுக்களின் வயிற்றுக்குள் பாக்டீரியா. சில அணுக்கள் செத்தும் போயிருக்கின்றன, மறைக்கவில்லை. ஆனால் முக்கால்வாசி ரத்தத்தை விட்டுக் காயத்துக்குப் போனவைதான். அறிக்கையை அடித்துத் திருத்தினேன். அழுகை வந்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்த மாலைகளில் எங்கே இருந்தீர்கள்? இருபத்தேழுக்குள் பதில் வராவிட்டால் இனி கேட்க மாட்டேன்.

பிரியா


பட்டாபிராம்
21.6.2025

அன்பு பிரியா,

சொல்லிவிடுகிறேன்.

உன்னை டிஸ்சார்ஜ் செய்த பிறகு, நீ பிழிந்து கொடுத்த பாலை ஐஸ் டப்பாவில் வைத்து தினமும் ஆறு மணிக்கு அம்பத்தூர் ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வார்டில் கொண்டுபோய்க் கொடுப்பேனே. குழந்தை போன மறுவாரம் வேலைக்குப் போனேன். ஷிப்ட் முடிந்து ஆவடி ஸ்டேஷனில் பட்டாபிராம் வண்டிக்கு நிற்க வேண்டியவன், எதிர் பிளாட்பாரத்துக்குப் போய் அம்பத்தூர் வண்டி ஏறிவிட்டேன். வார்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் கையில் டப்பா இல்லை என்பதே உறைத்தது.

மறுநாளும் போனேன். வாட்ச்மேன் அப்துல் ரசாக் பாய் ரெண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டார்: “இன்னா நைனா, உன் கொழந்த தான் இல்லியே, இன்னாத்துக்கு டெய்லி வந்துகினு கீற?”

நான் வெறும் கையை விரித்தேன். பாய், வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு தாயைக் காட்டி, “செரி, சும்மா நிக்காத. அந்தம்மாவுக்கு மருந்து வாங்கியா” என்று ஒரு சீட்டைக் கொடுத்தார். அன்றிலிருந்து அதுதான். மருந்து வாங்குவேன், ரத்தம் கொடுக்க ஆள் தேடுவேன், நடக்க முடியாத தாய்மாரின் பாலை உள்ளே கொடுப்பேன். இன்றைக்கும் போய்விட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வர பயம், பிரியா. பால் கட்டி உன் ரவிக்கை நனைந்திருக்கும். நீ துண்டை வைத்து மறைப்பாய். அதைப் பார்க்கிற தைரியம் எனக்கில்லை. ஓவர்டைம் என்று பொய் சொன்னேன். உன்னைத் தனியாக விட்டது தப்பு. பெரிய தப்பு.

இன்னொன்று. பால் டப்பாவில் ‘கிருஷ்ணப்பிரியாவின் குழந்தை’ என்று நர்ஸ் சீட்டு ஒட்டுவார். அதன் கீழே நான் பென்சிலால் பவ்யா என்று எழுதிவைப்பேன். உன்னிடம் கேட்காமல் வைத்த பெயர். சொல்ல நேரமே வரவில்லை.

எனக்காக அந்த வேலையை விடாதே. உன் இஷ்டம்.

பாண்டியன்


தூத்துக்குடி
27.6.2025

என்னங்க,

கடிதம் மதியம் வந்தது. இதுவரை ஆறு தடவை படித்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், இரண்டு வருடத்துக்கும். கோபத்தில் போடவில்லை. கிருமி ரத்தத்தில் என்ன செய்கிறது என்று தெரியாமல் எனக்கும் ஓர் இடத்தில் உட்கார முடியாது. நீங்கள் எதிர் பிளாட்பாரத்துக்குப் போன மாதிரிதான் நான் தூத்துக்குடிக்கு வந்திருக்கிறேன். மாதம் ஒருமுறை ஊருக்கு வரலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். வீட்டில் என்னைக் காணவில்லை என்று தொலைந்த கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

ஜூலை ஆறு, ஞாயிற்றுக்கிழமை சென்னையில் இருப்பேன். நேரே வீட்டுக்கு வரமாட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வார்டு வாசலில் நில்லுங்கள், அங்கேயே வந்துவிடுகிறேன். பிறகு வீட்டுக்குச் சேர்ந்து போவோம்.

இது யார் என்று பாய் கேட்டால், பவ்யாவின் அம்மா என்று சொல்லுங்கள்.

உங்கள்
பிரியா