படுக்கையறையில் வெப்ப உணரி

நிலவு, தென்முனை நிலையம். எழுதுவது பராமரிப்புப் பொறியாளர் பிலோமினா.

நாள் 112 | 09:10
சமையலறைப் புகை உணரி இன்றும் அலறியது. சடகோபன் சார் கடுகு தாளித்தார், வேறொன்றுமில்லை. இங்கே நாங்கள் இருவர்தான். அவர் உயிரியலாளர், சமையலும் அவர் கைவண்ணம். புகை உணரியைக் கழற்றிவிட்டு வெப்ப உணரி பொருத்தினேன். ஐம்பத்தேழு டிகிரி தாண்டினால்தான் கத்தும். தாளிக்கும் இடத்துக்கு அதுதான் சரி.

நாள் 115 | 11:30
தரைக் கட்டுப்பாட்டிலிருந்து: "எல்லா ரூம்லயும் அதையே மாட்டிடுங்க மேடம். ஒரே மாடலா இருந்தா ஸ்பேர் அனுப்ப எங்களுக்கும் ஈஸி."

எரிச்சலாக வந்தது. படுக்கையறைச் சுவருக்குள் ஒயர் கனன்றால் முதலில் வருவது புகை, சூடல்ல. தூங்குகிற இடத்துக்குப் புகை உணரிதான் வேண்டும் என்று மூன்று முறை எழுதினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உத்தரவுப்படி மாற்றியாயிற்று.

நாள் 131 | 14:05
படுக்கையறைக் கதவிடுக்கில் புகை கசிகிறது. வேலை முடித்த சார் உள்ளே தூங்குகிறார். சுவருக்குள் ஒயர் கனல்கிறது. கதவுக்கு மின்சாரம் போய்விட்டது. உணரி கத்தினால் மட்டுமே அவசர பேட்டரி கதவைத் திறக்கும். உணரியோ என் கைத்திரையில் 24 டிகிரி காட்டுகிறது.

14:09
இன்டர்காமில் கத்தி எழுப்பிவிட்டேன். "பிலோ, கண்ணே தெரியல. தலை சுத்துது." எப்படியாவது உணரியைச் சூடாக்கச் சொன்னேன். உள்ளே தீ மூட்ட ஒன்றுமில்லை.

14:13
உணரியை ஒயரோடு இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "காய்ச்சல் பாக்குற மாதிரி இருக்கு. எவ்ளோ காட்டுது?"

36. ஐயோ, ஐம்பத்தேழுக்கு எங்கே போவது? "இன்னும் இறுக்கிப் பிடிங்க சார்" என்றேன். வேறென்ன சொல்வேன்?

14:21
கதவைத் துளைக்கிறேன். இரண்டாவது டிரில் பிட்டும் உடைந்தது. "ரொம்ப நேரமாகுமா பிலோ?" இல்லை என்று பொய் சொன்னேன்.

14:34
பதில் இல்லை. 36 மாறவில்லை. பிடியை விடவில்லை மனிதர்.

தரைக் கட்டுப்பாடு: "இங்க எல்லா அலாரமும் பச்சையாத்தான் காட்டுது மேடம். பதறாதீங்க."

15:50
35. உள்ளங்கை கிழிந்துவிட்டது. கதவு பாதிகூட ஆகவில்லை.

17:25
33. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

18:50
துளை விழுந்தது. விரல் நுழையும் அளவுதான். வாயை வைத்து சார், சார் என்று

31

கத்தித் தொலையேன், சனியனே