தலைக்குள் ஒரு நெல்மணி

நோர்வே
ஆனி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? சிறுபோக நெல் விதைப்புக்கு உருத்திரபுரம் வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

இங்கே நோர்வேயின் வடகோடியில் இப்போது இரவிலும் சூரியன் மறைவதே இல்லை. நான் தாதியாக வேலை செய்யும் வயோதிபர் இல்லத்தில் ஊலாவ் ஐயா என்றொரு பழைய மீனவர் இருக்கிறார். யன்னல் திரையை மூடவிடாமல், நாட்கணக்காக நித்திரையின்றி நடந்து, ஒருமுறை விழுந்தும் விட்டார். "வெயில் நிக்கேக்கை ஆர் படுக்கிறது?" என்று எங்களூர்க்காரர் மாதிரியே பிடிவாதம்.

நான் புறப்பட்ட அன்று நிறைகுடத்தின் கீழே பரப்பிய நெல்லிலிருந்து அம்மா எடுத்துத் தந்த ஒரு மணியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மூளையின் நடுவில் பினியல் சுரப்பி இந்த அளவில்தான் இருக்கிறது, கண்ணுக்கு இருட்டுக் கிடைத்தால்தான் அது மெலற்றோனினைச் சுரந்து உடம்புக்கு இரவு வந்ததைச் சொல்லும் என்றேன். அவர் மணியை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"எந்தக் கடையில வாங்கினனீ?"

"கடையில்லை, எங்கட அப்பாவின்ர வயல்."

பிறகு தானே எழுந்து திரையை மூடிவிட்டுப் படுத்தார். காலைச் சாப்பாட்டு நேரம்வரை அசையவில்லை.

இதைக் கேள்விப்பட்ட தலைமைத் தாதி, இனிப் புதிய தாதிமாருக்கு இதை விளக்குவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். உங்கள் வயற்காரரின் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் யாரும் என்னைப் பற்றிக் கேட்டால் இதைச் சொல்லுங்கோ. கேட்காவிட்டாலும் சொல்லுங்கோ.

ஊலாவ் ஐயா நெல்மணியைத் திருப்பித் தரமாட்டாராம். சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அதனால் அம்மாவிடம் சொல்லி ஒரு பிடி நெல் அனுப்புங்கோ. விளக்குவதற்கு ஒரு மணி போதும். மிச்சம் எனக்கு.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகள்
லக்சிகா